உள்பக்கம் ஒட்டிய அட்டைகள்

பிப்ரவரி 11

அன்புள்ள மனைவிக்கு,

உன் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. துணிகள் கசங்காமல் இருக்கின்றன. நான் முதலில் தட்டிப் பார்த்தது பெட்டியைத்தான். நல்ல தடிமன், மூன்று அடுக்கு அட்டை. "பொண்டாட்டி அனுப்பினதை விட்டுட்டு பெட்டியைக் கொஞ்சுறாரு பாரு" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. சொல்லிக்கொள். காரணம் பின்னால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை மகளின் காதோடு வைத்துவிடுகிறேன். அந்த வீட்டில் உனக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடமும் அவளுக்கே பத்தவில்லை. பேச்சுத்தான் வராதே தவிர, அவளுக்குப் புரியாதது ஒன்றும் கிடையாது. அவளை மடியில் வைத்துக்கொண்டு அவள் உடம்பைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதங்கள்.

அவளுக்கு இங்கே புதுப் பெயர் வந்திருக்கிறது. மூன்று மாடிக்காரர்களும் இப்போது மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்தது கீழ்வீட்டுச் சத்தக்கார அக்கா. காலையில் நான் வேலைக்குப் போகும்போது அவள்தான் வந்து பார்த்துக்கொள்கிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன். அவள் தலை வாரிவிட்டால் மேனேஜர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாளாம், சரியில்லை என்று. அவிழ்த்து மறுபடி பின்னினால், மேலே பார்த்து 'ஆமாம்' சொல்கிறாளாம். "எனக்கு இந்த வயசுல ஒரு மேனேஜர் வந்து வாய்ச்சிருக்கா பாரு" என்று அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த தெருவுக்கும் பெயர் தெரிந்துவிட்டது.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை. தலையணை முட்டுக் கொடுத்தாலும் இடது பக்கமாகச் சரிந்துவிடுகிறாள். முதுகு வளைவு கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதி வைத்தோமே, அந்த நாற்காலிக்கு இன்னும் நம் முறை வரவில்லையாம். போன மாதம் அவளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் டீச்சரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "நீங்க ஃப்ரிட்ஜ் கடையிலதானே வேலை பாக்குறீங்க? அட்டைப்பெட்டி நிறைய வருமே, அதுலயே செஞ்சிடலாமே?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு பீரோவைத் திறந்து ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். முழுக்க அட்டை.

பன்னிரண்டு வருடமாகப் பெட்டியைக் கிழித்து மடக்கிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு நாற்காலி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அட்டைக்குள் நெளி நெளியாக வரி ஓடும் அல்லவா, முதல் அட்டையில் அது நெடுக்காக இருந்தால் அடுத்ததைக் குறுக்காக வைத்து ஒட்ட வேண்டும். அப்படி எட்டு ஒட்டினால் பலகை மாதிரி ஆகிவிடுகிறது. மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடச் சொன்னார்கள். அது விஷம், இவள் எதையும் வாயில் வைப்பவள், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒட்டியதன் மேல் கேஸ் சிலிண்டரையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றி வைத்து, மறுநாளிலிருந்து மாடியில் நாலு நாள் வெயிலில் காய வைத்தேன். கால்களுக்குத் துணிக்கடையில் துணி சுற்றி வரும் குழாய்கள். விளிம்புக்குச் சோப்புப் பெட்டி, டீத்தூள் பெட்டி, பற்பசைப் பெட்டி. அதற்காகச் சத்தக்கார அக்கா மாடிப்படியில் நின்று, "அட்டை இருந்தா போடுங்கம்மா, மேனேஜருக்கு நாற்காலி வருது!" என்று கத்தினாள். அன்று மாலை நம் வாசலில் அட்டைகள் குவிந்து கிடந்தன. மேலே பசை தடவிய காகிதம் ஒட்டி, பச்சை பெயிண்ட் அடித்தேன். பச்சையும் மஞ்சளும் காட்டியதில் மேனேஜர் தேர்ந்தெடுத்தது பச்சை.

முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் அக்கா உட்கார்ந்தாள். "என்னையே தாங்குது, இந்தப் பூனைக்குட்டி உட்கார்ந்தா நாற்காலிக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

மகள் உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கால்கள் பின்னிக்கொள்ளாமல் நடுவில் ஒரு முட்டு, இரண்டு பக்கமும் விலாவைப் பிடிக்கும் சுவர், முன்னால் ஒரு தட்டு. தலை நேராக நின்றது. ஒன்பது வயதில் முதல் முறையாக அவள் இந்த அறையைச் சாயாமல் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர்க் கட்டடத்தில் சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஒரு மணி நேரம் அந்த ஆளையே பார்த்தாள். அவன் வேலையையும் மேற்பார்வை செய்திருப்பாள்.

வளரும் பிள்ளை என்று டீச்சர் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வைக்கச் சொன்னார். இப்போதைக்கு ஆடாமல் இருக்க உள்பக்கம் இரு புறமும் ஒவ்வோர் அட்டை ஒட்டியிருக்கிறேன். வளர வளர உரித்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருந்த அட்டையில் ஒரு பலகை செய்தேன். பாக்கெட்டுகளில் இருக்கும் படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். பால், பிஸ்கட், சோப்பு, பவுடர். என்ன வேண்டும் என்று கேட்டால் அந்தப் படத்தைப் பார்க்கிறாள். அம்மாவுக்குப் படம் வேண்டுமே என்று யோசித்து, உன் பார்சலில் நீ விலாசம் எழுதிய இடத்தை வெட்டி ஒட்டினேன். போட்டோவைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறாள்.

எடை கேட்டிருந்தாய். பதினைந்தரை. பதினெட்டு வந்தால் முதுகு ஆபரேஷன் செய்யலாம் என்று பெரிய டாக்டர் சொன்னாரே, இன்னும் இரண்டரைதான். நீ அனுப்பிய கவுன் சற்றுத் தொளதொளவென்று இருக்கிறது. காற்றோட்டமாக இருக்கும், நல்லதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே எதை நினைத்தும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 4

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்து மூன்று தடவை படித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் எனக்கு அது ஒன்றுதான். சிரிப்புச் சத்தம் கேட்டு வீட்டம்மா கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் அட்டையில் நாற்காலி செய்திருக்கிறார் என்று சொன்னேன். பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிற குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அவள் நினைத்தால் நினைக்கட்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சாயும், உயரும், அதுவே திரும்பும். அவர் அதில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார். நேற்று அவர் தூங்கும்போது தையல் டேப்பை வைத்து அதன் தலைப்பக்கத்தை அளந்தேன். காதுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சிறகு மாதிரி வைத்திருக்கிறார்கள், தலை விழாமல் இருக்க. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். முட்டை அட்டையை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கினால் அந்த வளைவு வரும் என்று நினைக்கிறேன். செய்து பாருங்கள்.

இனிமேல் எழுதுவதைப் படித்துக் கோபப்படக் கூடாது. ஜூலையில் இரண்டு வருடம் முடிகிறது, வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லி வீட்டம்மா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடியாது, முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினைந்தரை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த வேகத்தில் போனால் வருடக் கடைசிக்குள் பதினெட்டு வந்துவிடும். ஆபரேஷன் மட்டும் போதாது, பிறகு ஆறு மாதம் பயிற்சி, பெல்ட், மருந்து எல்லாம் இருக்கிறது. நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நீங்களே இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பெரியவருக்கு முதுகு துடைத்தேன். பெரிய முதுகு. சோப்புப் போட்டுத் துடைக்கத் துடைக்க என் பிள்ளை முதுகில் அந்த எலும்பு எந்தப் பக்கம் துருத்தியிருக்கும் என்று யோசித்தேன். இடது பக்கமா, வலது பக்கமா என்று ஒரு நிமிடம் மறந்துபோய்விட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்று அவர் கத்தினார்.

இந்த மாதம் துணி வாங்கப் போகிறேன். மார்புச் சுற்றளவு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால் வரை, மூன்றும் அளந்து எழுதுங்கள். போன முறை நான் கண்ணளவில் தைத்ததால்தான் தொளதொளத்துவிட்டது. இன்னொன்று, விளையாட்டுக்குக் கேட்கிறேன். அட்டையை உள்பக்கம் ஒட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வளரும் பிள்ளைக்கு வெளிப்பக்கம்தானே வேலை வர வேண்டும்?

சத்தக்கார அக்காவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். மேனேஜருக்கு நெற்றியில் ஒன்று, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று. என் கணக்கில் கொடுங்கள்.

உங்கள் அவள்


ஏப்ரல் 26

மனைவிக்கு,

இதைக் குளியலறையில் நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்ந்துகொள்.

எடை பதினைந்தரை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. நீ கிளம்பிய வருடம் பதினாலு வந்தது, அதுதான் அதிகம். பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிய அன்று பன்னிரண்டு. நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பத்து கிலோ எழுநூறு கிராம்.

பிப்ரவரி நாலாம் தேதி பெரிய டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சாப்பாடு வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்றார். "இனிமே ஆபரேஷன் பத்தி யோசிக்க வேண்டாம். மயக்க மருந்தையே அந்த உடம்பு தாங்காது" என்றார். நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பில் வைக்க வேண்டிய மைதா கரைத்து வைத்தபடி இருந்தது. கட்டி தட்டிவிடுமே என்று காய்ச்ச ஆரம்பித்தேன். ஒரு வாரம் கழித்து உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, எடை என்ற இடத்தில் பதினைந்தரை என்று எழுதினேன். யோசித்து எழுதியதில்லை. உன் கவுனுக்குப் பொருந்துகிற எடையைக் கை எழுதிவிட்டது.

அந்த எண்ணை நம்பி நீ கையெழுத்துப் போடுவாய் என்று நான் நினைக்கவில்லை. உன் கடிதத்தை மாடிப்படியில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கடையில் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுகிறவன்.

நீ விளையாட்டுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம், வெளிப்பக்கம்தான் வேலை வந்திருக்க வேண்டும். நான் உள்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தேன். மார்ச்சில் இரண்டாவது, மூன்றாவது. ஏப்ரல் தொடக்கத்தில் நாலாவது, ஐந்தாவது. நீ வரைந்த படத்தைப் பார்த்துத் தலைப்பக்கச் சிறகும் செய்தேன். முட்டை அட்டைக் கூழ் நன்றாகவே வந்தது. ஒவ்வொரு முறையும் ஒட்டுவதற்கு முன், "மேனேஜர், ஒட்டட்டுமா?" என்று அவளைக் கேட்பேன். மேலே பார்ப்பாள். அவள் சம்மதம் கொடுத்தாள் என்று நானும் நிம்மதியாக ஒட்டுவேன்.

போன வாரம் டீச்சர் ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுடைய மகனுக்கும் இப்படி ஒன்று செய்ய வேண்டுமாம். ஆறு வயது, கொழுகொழுவென்று இருந்தான். உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். மகளைத் தூக்கிப் பாயில் படுக்க வைத்துவிட்டுக் கொடுத்தேன். அவன் இடுப்பு உள்ளே இறங்கவே இல்லை. அந்த அம்மா வெகுளியாகத்தான் கேட்டாள்: "ரொம்பக் குறுகலா இருக்கே, உங்க பொண்ணுக்கு எத்தனை வயசுங்க?"

ஐந்து என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பாயைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று.

மறுநாள் காலை ஆறாவது அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டேன். இன்னும் இறுக்கி மூடினாள், இமை நடுங்கும் அளவுக்கு. அக்காவின் பின்னலுக்கு மூடுவது போல இல்லை. "வலிக்குதாம்மா?" என்றேன். இல்லை. "நாற்காலி வேண்டாமா?" அதற்கும் இல்லை. அப்புறம் எனக்கே தெரிந்துவிட்டது. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொன்னது பொய்தாம்மா. உனக்கு ஒன்பது வயசு" என்றேன். கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்காகத்தான் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் பேசி முடித்ததும் போனை மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், "ஏன் மூச்சு வாங்குது?" என்று கேட்டாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். படியேறி வந்தேன், இங்கே எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னேன். நீ வைத்துவிட்ட பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள், பால் அதில்தான் போகிறது. இன்று மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி அனுப்பவில்லை. கிளம்பும்போது பெரிய டாக்டர் கேட்டார், "அம்மா எங்க இருக்காங்க?" வெளிநாட்டில் வேலை செய்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "வரச் சொல்லுங்க" என்றார். எவ்வளவு சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

சத்தக்கார அக்கா இன்று வந்து கதவோரம் நின்று கிசுகிசுவென்று பேசினாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. டாக்டர் சொன்னதைவிட அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

இப்போது ஜன்னலோரம் படுக்க வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. அதை எடுத்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று தூக்கினேன். ஒரு கையில் வந்துவிட்டது, அவ்வளவு லேசு. வைக்கவும் மனம் வரவில்லை. சமையலறையில் வைத்திருக்கிறேன், அடுப்புக்குப் போகும்போதெல்லாம் கால் இடிக்கிறது. இடிக்கட்டும்.

டாக்டர் கொடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வீட்டம்மாவிடம் காட்டு. அவளும் பிள்ளை பெற்றவள்தானே. ஒரு வருடக் கையெழுத்தைப் பற்றிப் பேசினால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் சொன்ன பொய் என்று சொல். என்னை எவ்வளவு மட்டமாகச் சொன்னாலும் சரி, பாஸ்போர்ட்டை வாங்கிவிடு. காலில் விழ வேண்டும் என்றால் விழு. நான் விழ வேண்டும் என்றாலும் சொல், போனில் விழ வழி இருந்தால் விழுகிறேன். ஆபரேஷனுக்கு என்று சேர்த்ததை டிக்கெட்டுக்கு எடுத்துக்கொள். அதற்கு இனி வேறு வேலை இல்லை.

அளவு கேட்டிருந்தாய். அளக்கவில்லை. துணி எதுவும் தைக்க வேண்டாம்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. இரண்டரை மாதம். அன்றே சொல்லியிருந்தால் இந்நேரம் நீ அவள் பக்கத்தில் படுத்திருப்பாய். அந்த இரண்டரை மாதத்தையும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்தான். அதற்கு என்ன சொல்லித் திட்டினாலும் தகும். இங்கே வந்து திட்டு. தினமும் திட்டு. வாழ்நாள் முழுக்கத் திட்டு, நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் இதைப் போனில் சொல்லிவிடத்தான் பார்ப்பேன், அப்போதும் வாய் வராவிட்டால் இந்தக் கடிதமும் தாளுமாவது உன்னிடம் சேரட்டும். பதில் மட்டும் எழுதாதே. கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகிறது. எழுத உட்காரும் நேரத்தில் கிளம்பிவிடு.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். சீக்கிரம் வந்து சேர வேண்டும். இதைத் தவிர வேண்டிக்கொள்ள எனக்கு இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

அவள் அப்பா